“நயம் எழுதுக” என்றால் என்ன எழுதுவது? வேலூர்ப் பக்கத்து ஆங்கில இலக்கிய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இப்போது நான்காகக் கிடக்கும் பழைய வட ஆற்காட்டில் பி.ஏ. இங்கிலீஷ் படிப்பவர்களும், பிளஸ் டூ செய்யுள் கேள்விக்குத் தடுமாறுபவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில் சொல்வது இந்தப் பாடத்தையே நடத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியர். வாத்தியார் பேச்சு சில இடங்களில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று பஸ் பிடித்து வருகிறவர்களில் பலர் உங்களைப் போலத்தான். இவர்களைக் கீழே தள்ளுவது இலக்கணப் பிழை இல்லை. வாயைத் திறக்காமல் மூன்று வருடத்தை ஓட்டிவிடும் பழக்கம்தான். தினமும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். உச்சரிப்பு பிறகு திருந்தும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

செவ்வியல் படைப்பு என்றால் எது? பழையதெல்லாம் செவ்வியலா?

பழையதில் பெரும்பகுதி மறந்தே போனது. மறுபடி படிக்கும்போது முதல் தடவை கண்ணில் படாத ஒன்று அகப்படுகிறதே, அப்படிப்பட்டதைத்தான் சொல்கிறோம். உங்கள் பாடத்திட்டத்தில் பதினான்காம் நூற்றாண்டின் சாசர், ஷேக்ஸ்பியர், 1667இல் ‘பாரடைஸ் லாஸ்ட்’ வெளியிட்ட மில்டன், 1798இல் ‘லிரிக்கல் பாலட்ஸ்’ கொண்டுவந்த வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும், பிறகு ஆஸ்டின், டிக்கன்ஸ், பிரான்ட்டி சகோதரிகள் என்று வரிசையாக வருவார்கள். பெயரும் வருடமும் ஒரு மார்க் கேள்விக்கு உதவும். அதற்கு மேல் அவற்றால் ஒன்றும் ஆகாது.

தேர்வில் “உத்திகளை விளக்குக” என்கிறார்கள். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்) என்று பெயரை எழுதினால் மார்க் வராதா?

கொஞ்சம் வரும். பெயர் சொல்வது அடையாளம் காட்டுவது, அவ்வளவுதான். அந்த உத்தி அந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று எழுதுவதற்குத்தான் மீதி மார்க் எல்லாம். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் நம் ஊர்க் கவிதையை வைத்தே காட்டுகிறேன்.

1806 ஜூலை 10, பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சேதி ஆற்காட்டுக்கு எட்டியது. அங்கிருந்த 19ஆம் லைட் டிராகூன்ஸ் குதிரைப்படையுடன் கில்லெஸ்பி என்ற தளபதி சுமார் 25 கிலோமீட்டர் பாய்ந்து வந்து கோட்டையை மீட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் ‘கில்லெஸ்பி’ என்றே தலைப்பிட்டு இதைப் பாட்டாக்கினார். பாலட் வகை: நாலு நாலு வரி, நிற்காத ஓட்டம், நம் தேசிங்கு ராஜன் கதைப்பாட்டின் ஒன்றுவிட்ட தம்பி.

முதல் வரியைக் காதால் கேளுங்கள்: ‘ரைடிங் அட் டான், ரைடிங் அலோன்’. விடியலில் குதிரை ஏறி, தனியாகக் குதிரை ஏறி. ஒரே சொல் இருமுறை, வரிக்கு நாலு தட்டு. வருவது யார் என்று தெரியுமுன்பே குளம்புச் சத்தம் வந்துவிடுகிறது. “ரெப்பிட்டிஷன் உள்ளது” என்று மட்டும் எழுதியவர் இந்தச் சத்தத்தைத் தவறவிட்டவர்.

சேதி கேட்டதும் அவர் காதில் ரத்தம் நெருப்பைப் போல இரைந்தது என்று ஒரு வரி முடிகிறது. அடுத்த வரி ‘நெருப்பைப் போல’ என்றே தொடங்குகிறது. இப்போது எரிவது காலடியில் உள்ள பாதை. ஒரே உவமை, நடுவில் வரி உடைகிறது. உடம்புக்குள் இருந்த தீ வெளியே சாலைக்குத் தாவிவிட்டது. அந்தாதித் தொடை படித்தவர்களுக்கு இந்தக் கட்டு பழக்கமானதுதான்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ‘ஃபால்ஸ் வெல்லூர்’, துரோக வேலூர் என்ற அடைமொழி மூன்று முறை வருகிறது. முதல் முறை அதைச் சொல்வது தள்ளாடி வரும் தூதன். கோபத்திலும் பயத்திலும் சொல்கிறான், சரி. இரண்டாவது முறை கதைசொல்லியே அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொள்கிறார். கடைசி வரியில் கவிதையே அந்தச் சொல்லோடு முடிகிறது. ஒருவன் வாயில் வந்த வசவு நாற்பது ஐம்பது வரிக்குள் ஊரின் நிரந்தரப் பட்டமாகிவிட்டது. இதை எழுதிப் பாருங்கள், விடைத்தாளைத் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதிகாரிகள் எங்கே என்று கில்லெஸ்பி கேட்க, இருவர் உயிரோடு, நாற்பது பேர் சாவு என்று காவல் சார்ஜென்ட் பதில் சொல்கிறான். இறந்தவர்களுக்கு வரலாற்று நூல்களில் வழக்கமாகக் காணும் கணக்கு 14 அதிகாரிகள், கோட்டையிலிருந்த ஆங்கிலேயப் படையான 69ஆம் ரெஜிமென்ட்டின் 115 வீரர்கள். நாற்பது என்பது உயர்வு நவிற்சி. பிழை கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பெருக்கல் அடுத்து வரப்போகும் பழிவாங்கலுக்கு நியாயம் தேடித்தருகிறது, அதுவே அதன் வேலை.

விட்டுப்போனதும் உத்திதான். 1805 நவம்பரில் வந்த ராணுவ உத்தரவு புதுமாதிரித் தலைப்பாகையைக் கட்டாயமாக்கியது, நெற்றிக் குறியை நீக்கச் சொன்னது, தாடியைக் கத்தரிக்கச் சொன்னது. இவற்றில் ஒன்றும் பாட்டில் இல்லை. சிப்பாய் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கோட்டை மீட்கப்பட்ட பிறகு சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களே, அதுவும் இல்லை. ஆனால் இரவில் குத்தியவர்களின் முடிவைக் கற்கள்கூட நினைவில் வைத்திருக்கின்றன என்று ஒரு வரி உண்டு. கல்லுக்கு நினைவாற்றல் கொடுத்த கவிஞர் சிப்பாய்க்கு ஒரு வாக்கியம் கொடுக்கவில்லை. ‘பெர்சானிஃபிகேஷன்’ என்று மார்ஜினில் குறித்துவிட்டுப் போனால் இது கண்ணுக்குத் தெரியாது.

நம்மைத் திட்டும் கவிதையை நாம் எதற்குப் படிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. அது எப்படித் திட்டுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். தேசிங்கு ராஜன் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அங்கேயும் ஆற்காட்டுப் படை, அங்கேயும் குதிரை, அங்கேயும் எதிரிக் கூட்டத்துக்குள் தனியாகப் பாய்கிறவன். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையிடம் தோற்று இறந்தவன்தான் பாட்டுடைத் தலைவன். (அவன் மனைவி நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.) தோற்றவன் பக்கம் நின்று பாடிய பாட்டு ஒன்று, வென்றவன் பக்கம் நின்று பாடியது மற்றொன்று. கதைப்பாட்டின் கருவிகள் இரண்டிலும் கிட்டத்தட்ட அதேதான். ‘பாயின்ட் ஆஃப் வியூ’ என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் படித்த அணி இலக்கணம் இங்கே உதவுமா?

நிறைய. உவமை, உருவகம், சிலேடை இவற்றை ஏறக்குறைய அப்படியே கொண்டுபோகலாம். இடித்துரைப்பதைப் பாராட்டாகச் சொல்லும் வஞ்சப்புகழ்ச்சி தெரிந்தவருக்கு ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆன்டனியின் சவ அடக்கப் பேச்சு விளங்கிவிடும்: புரூட்டஸ் கண்ணியமானவர், கண்ணியமானவர் என்று சொல்லிக்கொண்டே போகிறான், சொல்லச் சொல்ல அந்தக் கண்ணியம் தேய்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் “வராதே” என்று கையசைத்தனவே, அந்தத் தற்குறிப்பேற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கவிதைகளில் காற்றும் மழையும் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

ஒரு இடத்தில் கவனம் தேவை. தமிழ்ச் செய்யுளில் காது எதிர்பார்ப்பது பெரும்பாலும் எதுகை, மோனை. ஆங்கிலத்தில் ரைம் என்பது நம் இயைபு, வரிக் கடைசியில் உட்காருவது. வீட்டில் உருது பேசும் வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபம். முஷாயிரா என்ற உருதுக் கவியரங்கில் காஃபியா, ரதீஃப் என்ற வரிக்கடை ஒலிகளைக் கேட்டு வளர்ந்த காது.

மீட்டர், ஐயம்பிக் பென்டாமீட்டர் எல்லாம் தலைகீழாக நின்றாலும் புரியவில்லை.

நம் யாப்பு எழுத்தின் நீளத்தை வைத்து அசை பிரிக்கிறது, ஆங்கில யாப்பு அழுத்தத்தை எண்ணுகிறது. நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைக்கும் சமமாக அழுத்தம் கொடுப்பதால் வித்தியாசம் காதில் விழுவதில்லை. ‘ரெக்கார்டு’ என்பது பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் அழுத்தம், வினைச்சொல்லானால் இரண்டாம் அசையில். அகராதியில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். பத்து சொல்லுக்கு அதைப் பார்த்து மேசையில் தட்டிப் பழகுங்கள். மெல்லிது-வல்லிது என்ற ஜோடி ஐந்து முறை வந்தால் ஐயம்பிக் பென்டாமீட்டர். அதையே இயைபில்லாமல் எழுதினால் பிளாங்க் வெர்ஸ். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெரும்பகுதியும் ‘பாரடைஸ் லாஸ்ட்’ முழுவதும் அதுதான்.

பிறகு வரி எங்கே தாளம் தப்புகிறது என்று பாருங்கள். கவிஞர் அங்கே ஏதோ செய்கிறார்.

ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் ஆங்கிலம் மாதிரியே இல்லையே?

400 வருடத்துப் பழைய பேச்சு, அப்படித்தான் இருக்கும். பாதிப் பயம் ‘தௌ’, ‘தீ’ போன்ற சொற்களால் வருவது. ‘தௌ’ என்றால் நீ. ‘யூ’ அந்தக் காலத்தில் நீங்கள் என்ற மரியாதைக்கும் வரும். ‘கிங் லியர்’ முதல் காட்சியில் கென்ட் பிரபு அரசனையே திடீரென்று ‘தௌ’ என்கிறான், கூடவே “கிழவா” என்றும். சபையில் பெரியவரை ஒருமையில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றைய ஆங்கிலேயப் பையனுக்கு அடிக்குறிப்பு வேண்டும்.

இன்னொன்று, நாடகத்தைக் கூத்தாக நினைத்துப் படியுங்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்க்கும் மாவட்டம் நம்முடையது. கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் இருப்பதும் பழைய வட ஆற்காட்டில்தான். வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னிருந்து தன்னைப் பற்றித் தானே பாடி வெளிவருகிறார். கட்டியங்காரன் ராஜாவையும் கிண்டல் செய்வான், கூட்டத்தோடும் பேசுவான், கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பான். லியரின் கோமாளியைப் பற்றி எழுதச் சொன்னால் கட்டியங்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘மேக்பெத்’தில் அரசனைக் கொன்ற கையோடு, கதவு தட்டப்படும்போது, ஒரு குடிகாரக் காவல்காரன் வந்து நகைச்சுவை பேசுகிறான். ஏன் அந்த நேரத்தில் சிரிப்பு என்று கேட்கிறார்கள். நம் கூத்து வாத்தியார் எவரையும் கேளுங்கள். ரத்தக் காட்சிக்குப் பிறகு கூட்டத்தை மூச்சு விடவைத்தால்தான் அடுத்த அடி விழும்.

கதை முடிவு முன்பே தெரிந்துவிட்டால் சுவை போய்விடாதா? கைடில் முதல் பக்கமே சொல்லிவிடுகிறார்கள்.

துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே பதினெட்டாம் போர் பார்க்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறோம்? தெரிந்திருப்பதால் வரும் சுவை தனி. மேக்பெத்தின் கோட்டைக்கு வரும் டங்கன் அரசன், இடம் அழகாயிருக்கிறது, காற்று இதமாயிருக்கிறது என்று புகழ்கிறான். உள்ளே அவன் கொலைக்கு ஏற்பாடு நடப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. டிரமாட்டிக் ஐரனி என்பது இதுதான். கோவலன் கொண்டுவந்த சிலம்பு யாருடையது என்று நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது.

நாவலில் உத்தி எங்கே தேடுவது? 500 பக்கம் இருக்கிறதே.

யார் சொல்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். ‘வுதரிங் ஹைட்ஸ்’ 1847இல் வந்தது. வேலைக்காரி நெல்லி சொல்ல, வாடகைக்கு வந்த லாக்வுட் எழுதுகிறான். ஹீத்கிளிஃப் மனதுக்குள் நாம் நேராகப் போவதே இல்லை. நெல்லி சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாலே பாதி விடை வந்துவிடும்.

‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860–61இல் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை. ஒரு அத்தியாயம் ஏன் அந்த இடத்தில் முடிகிறது என்பதற்கு அதிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ‘கல்கி’க்கு அடுத்த வாரம் வரை காத்திருந்த பாட்டியைக் கேட்டால் விளக்குவார்.

‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) முதல் வாக்கியத்தில் ஆஸ்டின் சொல்வது: வசதியான, மணமாகாத ஆணுக்கு ஒரு மனைவி தேவை என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை. அடுத்த வாக்கியம் கவிழ்த்துவிடுகிறது. அவனை மனதுக்குள் சொத்தாகப் பங்குபோட்டுக்கொள்வது பெண்ணைப் பெற்ற அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். “வெளிநாட்டு மாப்பிள்ளை, லீவில் வந்திருக்கார்” என்ற பேச்சு கல்யாண மண்டபத்தில் பரவும் வேகத்தைப் பார்த்தவர்கள் இந்த நாவலைக் கைடு இல்லாமலே படிக்கலாம்.

எல்லாமே சிம்பலா? மழை பெய்தால் சோகமா?

இல்லை. சில சமயம் மழை மழைதான். திரும்பத் திரும்ப வருகிறதா, முக்கியமான இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அனோட்டேஷன், அதாவது கொடுத்த வரிகளுக்கு விளக்கம், எப்படி எழுதுவது?

படைப்பு, ஆசிரியர், சூழல் ஆகியவற்றை இரண்டு வரியில் முடியுங்கள். யார் யாரிடம் எப்போது சொல்கிறார்கள் என்பது கட்டாயம். பிறகு பொருள். அதன் பிறகு கொடுத்த வரியிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று மூன்று வரி. பெரும்பாலோர் சூழலிலேயே பக்கத்தை நிரப்பிவிட்டு எழுந்துபோகிறார்கள்.

“இக்கவிதையில் கவிஞர் அழகான உவமைகளைப் பயன்படுத்தியுள்ளார்” என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எந்தக் கவிதைக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தக் கவிதையைப் பற்றியும் பேசவில்லை.

கைடு, மொபைலில் வரும் சம்மரி, ஏஐ இவற்றை வைத்துப் பாஸ் பண்ண முடியாதா?

பாஸ் பண்ணலாம். சம்மரியில் கதை இருக்கும். ‘துரோக வேலூர்’ மூன்று முறை வருகிறதா என்பது இருக்காது. முதலில் மூலம், மாட்டிக்கொண்ட இடத்தில் கைடு என்ற வரிசையை மாற்றாமல் இருந்தால் எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள்.

புத்தகம் வாங்கக் காசில்லை.

செவ்வியல் படைப்புகளுக்குப் பெரும்பாலும் காப்புரிமை முடிந்துவிட்டது. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கலாம். லிப்ரிவாக்ஸில் யாராவது வாசித்த ஒலிப்பதிவு கிடைக்கும், பஸ்ஸில் கேட்கத் தோது. அச்சுப் புத்தகம் வேண்டுமானால் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள், கல்லூரி நூலகத்தையும் கேளுங்கள். சீனியர்களிடம் பழைய புத்தகம் வாங்கினால் மார்ஜின் குறிப்பும் சேர்ந்து வரும், சில சமயம் தப்பும் தவறுமாக.

எங்கே படிக்கலாம்?

வேலூரில் ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசுக் கல்லூரி. பெண்களுக்கு ஆக்சீலியம், டி.கே.எம். வெளியே திருப்பத்தூர் தூய நெஞ்சம், வாணியம்பாடி இஸ்லாமியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம். ஊரிசு 1898இலிருந்து கல்லூரியாக இருக்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக்குப் போகுமுன் படித்த இடம். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, விண்ணப்பம் ஆன்லைனில். சேருமுன் பஸ் நேரத்தைப் பாருங்கள். நாலு மணி நேரம் பயணத்தில் போனால் நாவல் படிக்க நேரம் இருக்காது.

(பெற்றோர் கேட்பது) சார், பொண்ணு இங்கிலீஷ் லிட்டரேச்சர்தான் வேணும்னு நிக்குது. வேலை கிடைக்குமா?

ஐயா, அம்மா, பட்டம் மட்டும் இருந்தால் கஷ்டம். வழி பல உண்டு. பி.ஏ.வோடு இரண்டு வருட பி.எட். முடித்து டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான போட்டிக்குப் போகலாம். எம்.ஏ., பி.எட். இருந்தால் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு. கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், மூன்று மணி நேரம், தப்புக்கு மார்க் கழிப்பதில்லை. வருடமும் ஆசிரியர் பெயரும் மனப்பாடமாக வேண்டிய இடம் அதுதான்.

ஆசிரியர் வேலை பிடிக்காதவர்கள் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, மொழிபெயர்ப்பு என்று போகிறார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வரும் ஊர் இது. ஆஸ்பத்திரிகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குத் தேவை இருக்கிறது. எது என்பதை இரண்டாம் வருட முடிவில் தீர்மானித்தால் போதும். பி.எட். கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், நாலு இடத்தில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.